முள் எழும்பாத வண்டி

1

ஊரிலிருந்து யார் கடிதம் போட்டாலும் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "அங்கே குளிர் ஜாஸ்தி என்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்." எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஏலகிரிக்குப் போய், காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கியவர்கள். அவர்களுக்குக் குளிர் என்றால் அதுதான். இங்கே மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்து குத்தும் என்று எழுதினால், கதை விடுகிறான் என்பார்கள். அதனால் இத்தனை காலமும் "நலம், குளிர் பரவாயில்லை" என்றே பதில் போட்டு வந்திருக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தோடு நான் கனடாவுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. அதைக் கேள்விப்பட்டு, ஊரில் சபை மலர் நடத்தும் நண்பர் ஒருவர் அனுபவக் குறிப்புகள் எழுதித் தரச் சொன்னார். அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். வெள்ளை வெளேர் என்று பனி, சிவப்பு இலை, வரிசையில் நிற்கும் ஒழுக்கம், ரோட்டில் துப்பாத ஜனங்கள், கடைசியில் என் இதயம் மட்டும் பாலாற்றங்கரையில் கிடக்கிறது என்று ஒரு பெருமூச்சு. அதையெல்லாம் எழுத இங்கே ஆள் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வாடகை மண்டபத்தில் கூடி, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு பேசவும் செய்கிறார்கள். பேசி முடித்ததும் வேலூர் சத்துவாச்சாரியில் மனை என்ன விலை போகிறது என்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் என் பழைய வண்டியின் ஹீட்டரைப் பற்றி எழுதப்போகிறேன். பத்து வருடத்தில் உருப்படியாகச் சொல்ல எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

ஆம்பூரில் நான் ஒரு டேனரியில் டெஸ்பாட்ச் கிளார்க். எந்தத் தோல் எந்த லாரியில் எப்போது மெட்ராசுக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. என் மனைவி ரெஜினா வேலூரில் நர்ஸ் படித்தவள். இந்த நாட்டுக்குத் தேவைப்பட்டது அவள்தான். நான் அவளோடு வந்த சாமான். விமானம் ஏறும்போது பெட்டிக்கு இருந்த மரியாதைகூட எனக்கு இல்லை, பெட்டிக்காவது சீட்டு ஒட்டினார்கள். டெஸ்பாட்ச் கிளார்க் என்று சொன்னால் இங்கே வேலை கொடுக்கும் ஆபீசில் இருந்த அம்மாளுக்குப் புரியவில்லை. தோல் என்றதும் மட்டும் முகம் மலர்ந்து, ஊருக்கு வெளியே மாட்டுத் தோலுக்கு உப்புப் போடும் கிடங்கு ஒன்று இருக்கிறது, போகிறீர்களா என்றாள். உப்புத் தோல் வாடைக்குத் தப்பி கடல் தாண்டி வந்தவனிடம் கேட்கிற கேள்வி அது. எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு ஒரு பழைய சரக்கு வண்டியை வாங்கினேன். நம் ஊர் லாரியில் பாதிதான் இருக்கும். பின்னால் தகரப் பெட்டி. ஒரு பேக்கரியிலிருந்து ரொட்டி ஏற்றிக்கொண்டு சுற்றுப்பட்ட கிராமங்களின் கடைகளுக்குப் போடுவேன். அன்றிலிருந்து இன்றுவரை அதே வண்டி, அதே ரொட்டி.

2

ரெஜினாவின் தம்பி சாலமோன். நான் கிளார்க்காக இருந்த அதே டேனரியில் லாரி ஷெட்டைப் பார்த்துக்கொண்டவன். அவனுக்கு மெக்கானிக் படிப்பு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது, அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் முதலில் அதைச் செய்த கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பான்.

எங்கள் டேனரிக்குப் புது லாரி வந்தால் ஒரு முறை இருந்தது. முதலாளி பாய் வந்து நின்று பாத்தியா ஓதுவார். டிரைவர் தன் பங்குக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவான். கிறிஸ்தவர்கள் நாங்கள் ஓரமாக நின்று ஒரு ஜெபம் சொல்வோம். மூன்று மதமும் முடிந்த பிறகு சாலமோன் வருவான். பானெட்டைத் தூக்கி, இஞ்சின் தலையில் இருக்கும் ஒரு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து பித்தளையில் காளான் மாதிரி இருக்கும் ஒன்றை எடுத்து ஷெட் சுவரில் ஒரு கம்பியில் மாட்டுவான். அதன் பிறகுதான் லாரி முதல் நடை போகும். அந்தக் கம்பியில் அப்படி வரிசையாகத் தொங்கும்.

அதற்குப் பெயர் தெர்மோஸ்டாட். இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் வால்வு. இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் நன்றாகச் சூடாகும்வரை அது மூடிக்கொண்டிருக்கும், சூடான பிறகு திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும்.

"வெள்ளக்காரன் அவன் ஊரு குளிருக்கு வெச்சது மாமா. நம்ம வெயிலுக்கு இது இன்னாத்துக்கு? தண்ணி ஓடட்டும் சும்மா," என்பான் சாலமோன்.

இதை இஞ்சினியர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் மே மாதத்தில் வாலாஜாவைத் தாண்டி ஒரு லாரி ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று இஞ்சினியர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உள்ளே பாதி பதப்பட்ட ஈரத் தோல் இருக்கும். கிளீனர் பையன் குடத்தை எடுத்துக்கொண்டு கிணறு தேடி ஓடுவான். அதற்குள் தோல் வெந்து கறை பிடித்துவிடும். மெட்ராசில் இருப்பவன் அதைத் தொடமாட்டான். பிறகு எல்லாரும் சேர்ந்து டெஸ்பாட்ச் கிளார்க்கைத்தான் பிடிப்பார்கள். எங்கள் லாரிகள் அப்படி நின்றதில்லை. சாலமோன்தான் காரணம் என்று ஷெட்டில் எல்லாரும் நம்பினார்கள். அவன் எல்லாரையும்விட உறுதியாக நம்பினான்.

3

பாய் காலமானதும் பிள்ளைகள் டேனரியைப் பங்கு போட்டார்கள். லாரிகளை விற்றார்கள். ஷெட்டைப் பூட்டினார்கள். மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாலமோன் தெருவுக்கு வந்துவிட்டான். அவனை எப்படியாவது இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று ரெஜினா ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு அதில் அவ்வளவு ஆசை இல்லை. அவன் வாயை ஒரு கண்டம் தள்ளி வைத்திருந்ததுதான் என் குடும்ப வாழ்க்கையின் நிம்மதி. ஆனாலும் போன வருடத்துக்கு முந்தின கோடையில் விசிட்டர் விசாவில் வந்து சேர்ந்தான்.

வந்த முதல் நாளே ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னா மாமா, ரோட்ல ஒரு ஆளக் காணோம். எதுனா கலாட்டாவா?"

எங்கள் தெருக்கோடியில் வால்ட்டர் என்கிறவரின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. என் வண்டியைப் பார்ப்பவர் அவர்தான். பேச்சு கம்மி, கை சுத்தம், தான் செய்த வேலையின் மேல் தனக்கே பெரிய மரியாதை வைத்திருப்பவர். சாலமோன் போய் அங்கே உட்கார்ந்துகொண்டான். ஒருநாள் ஒரு விவசாயி பழைய பம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு வாஷர் இந்த மாகாணத்திலேயே கிடைக்காது, தூக்கிப் போடு என்று வால்ட்டர் சொல்லிவிட்டார். சாலமோன் தன் இடுப்பிலிருந்த ஆம்பூர் பெல்ட்டை உருவி, ஒரு துண்டு வெட்டி, எண்ணெயில் ஊறப் போட்டு வாஷர் பண்ணிவிட்டான். பம்பு ஓடியது. வால்ட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிச்ச நாளெல்லாம் சாலமோன் பேன்ட்டைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிந்தான். அதைப் பற்றி அவனுக்குப் பெருமைதான்.

அதற்குப் பிறகுதான் வால்ட்டர் என்னிடம், "இவனுக்கு நான் வேலை தருகிறேன்" என்றார். இமிகிரேஷனில் அப்படி ஒரு கடிதம் இருந்தால்தான் காரியம் நடக்கும். ரெஜினா அன்றைக்குச் சமையலறையில் அழுதாள். கடிதத்தை வால்ட்டர் உடனே எழுதவில்லை. பேனாவைத் தொடுவதென்றால் அவருக்கு வேப்பங்காய். குளிர்காலத்தில் வேலை குறையும்போது எழுதுகிறேன் என்று தள்ளிப் போட்டார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் சாலமோன் ஒருநாள் என்னோடு ரொட்டி வண்டியில் வந்தான். பாதி வழியில் டாஷ்போர்டைப் பார்த்தவன் பதறிவிட்டான்.

"மாமா, நிறுத்துங்க. முள்ளு பாதி ஏறிடிச்சு."

"அது அங்கதான் நிக்கும். சும்மா வா."

"இன்னா மாமா நீங்க, டெஸ்பாட்ச்ல இருந்த ஆளு இப்பிடி பேசறீங்க. இஞ்சின் கொதிக்கப் போவுது."

மறுநாள் நாங்கள் கடைக்குப் போய்விட்டு வந்தபோது வண்டிக்கு முன்னால் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சின்ன வேல ஒண்ணு பண்ணிட்டேன் மாமா. இனிமே உங்க வண்டி சூடே ஆவாது," என்றான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வான்.

4

இந்த ஊர் வண்டிகளில் டாஷ்போர்டில் சில நெம்புகோல்கள் இருக்கும். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. சிவப்புக்குத் தள்ளினால் சுடுகாற்று வரும், இன்னொன்றைத் தள்ளினால் அந்தக் காற்று முன்கண்ணாடிக்குப் போகும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் திருடி உள்ளே விடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தத் திருட்டுச் சூடு இல்லாவிட்டால் இந்த நாட்டில் ஒருவனும் வண்டி ஓட்ட முடியாது. அவர்கள் நாகரிகமே அந்தக் குழாய்க்குள்தான் ஓடுகிறது.

குளிர்காலம் பிடித்ததும் என் வண்டியில் சிவப்புக்குத் தள்ளினாலும் நீலம்தான் வந்தது. விசிறி ஓடுகிறது, காற்று வருகிறது, ஆனால் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. நான் விடும் மூச்சு கண்ணாடியின் உட்புறத்தில் உறைந்துகொண்டே வந்தது. ஒரு கையால் ஸ்டீரிங், மறு கையில் ரெஜினாவின் தோசைத் திருப்பி. சுரண்டிச் சுரண்டி ஓட்டைவழி பார்த்து ஓட்டினேன். எங்கள் மகள் சுகந்தியைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது அவள் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்லுவாள். குளிரைப் பார்த்தா, தோசைத் திருப்பியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, எது வெட்கம் என்று அவள் சொல்லவில்லை. பள்ளியில் அவள் பெயர் சூசி. நான் வைத்த பெயரை நானும் ரெஜினாவும் மட்டும் உபயோகிக்கிறோம்.

வால்ட்டரிடம் வண்டியை விட்டேன். எனக்கும் அவருக்கும் பேச்சுக்கு நடுவில் சுகந்தி வேண்டும். நான் ஸ்டெப்னி என்றால் அவருக்குப் புரியாது, டிக்கி என்றால் சிரிப்பார். என் இங்கிலீஷை அவள் இங்கிலீஷாக்கிச் சொல்வாள், அதுவும் கண்ணை உருட்டிக்கொண்டு.

முதல் தடவை, காற்றைத் திருப்பும் தட்டின் கம்பி அறுந்திருக்கிறது என்று புதுக்கம்பி போட்டார். குளிர்காற்று வந்தது. இரண்டாம் தடவை டாஷ்போர்டை முழுக்கப் பிரித்து, உள்ளே இருக்கும் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டரையே மாற்றினார். உறையாமல் இருக்க மருந்து கலந்து உள்ளே ஊற்றியிருந்த பச்சை நிறத் தண்ணீர் சீட்டுக்குக் கீழே கொட்டி, வண்டி முழுக்க ஒரு தித்திப்பு வாடை. அப்போதும் குளிர்காற்றுதான். இரண்டு மாதமாக மூன்று கடவுள்களிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று, சிவப்பில் தள்ளினால் நீலம். வால்ட்டருக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. சாலமோனின் கடிதத்தைக் கேட்டால், முதலில் இந்த வண்டியை முடிக்கிறேன் என்றார்.

"தெர்மோஸ்டாட்டாக இருக்குமோ என்று கேட்காதே. அது போன வருஷம் நானே என் கையால் புதுசு போட்டது," என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் அதைக் கேட்கவேயில்லை.

இதற்கிடையில் இமிகிரேஷன் ஆபீசிலிருந்து ரெஜினாவுக்குப் போன் வந்தது. வேலை தருகிறவரின் கடிதம் இந்த மாதத்துக்குள் வராவிட்டால் சாலமோனுக்காக அவள் போட்டிருந்த விண்ணப்பத்தை மூடிவிடுவார்களாம். இங்கே எதையும் நிராகரிப்பதில்லை. அன்பாக மூடிவிடுவார்கள். அதைச் சொல்லும்போது உங்கள் நாள் இனிமையாகட்டும் என்றும் சொல்வார்கள்.

"வண்டி ரிப்பேர் முடிஞ்சதும் எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கார்," என்றேன்.

"அந்த வண்டி என்னிக்கு முடியும்? சீக்கிரம் முடிங்க," என்றாள் ரெஜினா. ஹீட்டரைச் சாத்தானே பிடித்துவைத்திருக்கிற மாதிரி அவள் முகம் இருந்தது.

5

வெள்ளிக்கிழமை ரொட்டி போட்டுவிட்டுத் திரும்பும்போது எதேச்சையாக டாஷ்போர்டைப் பார்த்தேன். சூடு காட்டும் முள் அடியோடு படுத்திருந்தது. அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறேன், முள் எழும்பவேயில்லை. கண்ணாடி, கம்பி, தட்டு, விசிறி என்று எல்லாவற்றையும் பார்த்தோம், இந்த முள்ளை யாரும் பார்க்கவில்லை. ஹீட்டர் எப்படிச் சுடும்? திருடுவதற்கு இஞ்சினிலேயே சூடு இல்லை.

அப்போதுதான் எனக்கு ஆம்பூர் ஷெட்டின் கம்பி ஞாபகத்துக்கு வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சத்தமாகத் திட்டினேன். அந்த வெட்டவெளியில் கேட்க ஆள் இல்லை என்பதால் ஒரு வார்த்தையையும் விட்டுவைக்கவில்லை. படித்தவன் செய்யமாட்டான், படிக்காதவன் செய்யமாட்டான், இந்த நாட்டில் குடிகாரன்கூடச் செய்யமாட்டான். ரத்தம் உறைகிற ஊரில் வந்து, வண்டி சூடாகிவிடக்கூடாது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்ற எங்கள் டேனரி ஷெட்டில் வளர்ந்தவனால் மட்டும்தான் முடியும்.

வீட்டுக்கு வந்து நானே ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமென்று பார்த்தேன். போல்ட் அசையவில்லை. விரல் இரும்பில் ஒட்டிக்கொண்டது. நான் காகிதத்தில் லாரி அனுப்பியவன், லாரியைத் தொட்டவன் இல்லை. விட்டுவிட்டு உள்ளே போய் ரெஜினாவிடம் சொன்னேன். சொல்லும்போது அவள் தம்பியின் பரம்பரையையே இழுத்தேன் என்று நினைக்கிறேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"வால்ட்டருக்குத் தெரிஞ்சா லெட்டர் குடுப்பாரா?"

"எப்படிக் குடுப்பாரு? அவர் கையால போட்டத எடுத்துக் கடாசியிருக்கான். அவரு ரெண்டு மாசமா பைத்தியக்காரன் மாதிரி தேடிக்கிட்டிருக்காரு. இந்த மெக்கானிக்கையா கூப்பிட்டு வேல குடுப்பாரு?"

"பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் ரெஜினா. நர்ஸ் வேலையில் பழகிய குரல் அது. ஊசி போடும்போது வலிக்காது என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை.

6

சனிக்கிழமை காலை சுகந்தியைக் கூட்டிக்கொண்டு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். வால்ட்டரிடம் முள் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. வண்டி உள்ளே நுழைந்து நின்றதும் அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நான் பார்த்துக்கொண்டிருந்த முள்ளைத் தானும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, நான் அசைக்க முடியாத போல்ட்டை ஒரே திருப்பில் கழற்றி, மூடியைத் தூக்கினார்.

உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் ஓட்டை.

வால்ட்டர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே டீக்கு வந்திருந்த விவசாயிகள் இரண்டு மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. கோபமா சிரிப்பா என்று இந்த ஊர்க்காரர்கள் முகத்தில் கடைசி நிமிடம்வரை தெரியாது.

"இதை எடுத்த முட்டாள் யார்?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்குச் சாலமோன் மேல் ஒரு துளி பாசமும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவன் அங்கே நின்றிருந்தால் அந்த மூடியாலேயே அடித்திருப்பேன். ஆனால் முட்டாள் என்ற வார்த்தை அந்த ஆளின் வாயிலிருந்து வந்ததும் எனக்கு எங்கேயோ சுர்ரென்றது. அவனை முட்டாள் என்று சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு, இவருக்கு என்ன இருக்கிறது?

"நான்தான்," என்றேன்.

சுகந்தி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். கோடையில் அவளும்தான் கடையிலிருந்து எங்களோடு திரும்பி வந்தாள், சாலமோன் கை துடைத்ததைப் பார்த்தாள்.

"ஏன்?" என்றார் வால்ட்டர்.

"சும்மா," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதை மொழிபெயர்க்கச் சொல்லி அவர் சுகந்தியைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள்.

அவர்கள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. ஒரு விவசாயி தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். வால்ட்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு மாதமாகத் தன் கைத்திறமையில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மனுஷன், குற்றம் தன்மேல் இல்லை என்று தெரிந்ததும் பத்து வயது குறைந்தவர் மாதிரி ஆனார். அலமாரியிலிருந்து புது தெர்மோஸ்டாட் எடுத்துப் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை இஞ்சினை ஓடவிட்டார். முள் மெதுவாக எழுந்து நடுவில் வந்து நின்றது. சிவப்புக்குத் தள்ளினேன். சுடச்சுடக் காற்று வந்து முகத்தில் அடித்தது.

"உன் மச்சான் சீக்கிரம் வரட்டும்," என்று என் தோளில் தட்டினார் வால்ட்டர். "வீட்டில் ஒரு மெக்கானிக்காவது இருக்க வேண்டும். நீ இனிமேல் இஞ்சின் பக்கம் போகாதே." சொன்ன சூட்டோடு ஆபீஸ் அறைக்குள் போய்க் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சுகந்தி கையுறையைக் கழற்றிவிட்டுக் காற்றில் விரலைக் காட்டிக்கொண்டே வந்தாள். "நீங்க லை பண்ணீங்க," என்றாள்.

"ஆமா."

"சண்டே ஸ்கூல்ல இப்ப நான் இன்னா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத."

அவள் என்ன சொன்னாளோ தெரியாது, திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலுக்கே போய் நிறுத்தச் சொன்னாள். வண்டி சூடாக இருந்தது காரணமாக இருக்கலாம்.

7

அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்குப் பெயர் தெர்மோஸ்டாட். ரொட்டி இறக்கப் போகும் கடைகளில், "வா தெர்மோஸ்டாட், இன்றைக்கு எதைக் கழற்றினாய்?" என்று வரவேற்பார்கள். மனிதர்கள் சாவகாசமாக ஒரே ஜோக்கை ஒரு வருடம் வைத்துச் சாப்பிடக்கூடிய ஊர் இது. குளிர்காலம் நீளம், வேறு வேலை இல்லை. தமிழ் மண்டபம்வரைக்கும் கதை போய்விட்டது. அங்கே ஒரு இஞ்சினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தெர்மோஸ்டாட் என்றால் என்ன என்று விளக்கினார். பொன்னாடையோடு.

சாலமோனுக்கு விசா கிடைத்துவிட்டது. குடும்பம் பிறகு வர, அவன் மட்டும் இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் முதலில் வந்தான். விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் ரெஜினா அவனுக்குப் பாடம் நடத்தினாள். "நீ எடுத்தன்னு அந்தாளுக்குத் தெரியாது. மாமா தான் எடுத்ததா சொல்லி வெச்சிருக்காரு. நீ வாயத் தொறக்காத. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா," என்றான். வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தான். முதல் தடவையாக அவன் வாயிலிருந்து ஒரு விமரிசனமும் வரவில்லை. பயந்துவிட்டான் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

முதல் நாள் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தான். கை கழுவினான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சொல்ட்டேன் மாமா," என்றான்.

"இன்னா சொன்ன?"

"நான்தான் கழட்டுனேன்னு சொல்ட்டேன்."

ரெஜினா கரண்டியைக் கீழே வைத்தாள்.

மத்தியானம் வால்ட்டர் எல்லாருக்கும் முன்னால் என் கதையைச் சொல்லிச் சிரித்தாராம். இவன் அக்காள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தானாம். ஒரு விவசாயி எழுந்து என் மாதிரி நடந்து காட்டினாராம். "உங்கள வெச்சு அப்பிடி சிரிக்கிறானுங்க மாமா. எனக்குப் பேஜாராப் போச்சு. நான்தான்டா கழட்டுனேன், எங்க ஊர்ல எல்லா லாரியிலயும் நான்தான் கழட்டுவேன்னு சொல்ட்டேன்," என்றான். என்னைச் சிரித்தது பொறுக்கவில்லையா, தான் செய்த வேலையை இன்னொருவன் பேரில் சொல்வது பொறுக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் சம அளவில் இருக்கும்.

"அந்தாளு இன்னா சொன்னாரு?" என்றாள் ரெஜினா.

"ஏன் கழட்டுனேன்னாரு. சாக்பீஸ் எடுத்து தரையில வரஞ்சு காட்டுனேன். இது மெட்ராஸ் ரோடு, இது வெயிலு, இது லாரி, உள்ள தோலு. லாரி நின்னா தோலு காலி. சூரியன மட்டும் பெருசா வரஞ்சேன்." ஒரு வாய் சாப்பிட்டான். "ரொம்ப நேரம் பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம், அங்க அது சரி, இங்க தொட்டா கைய ஒடிப்பேன்னாரு. அடுத்த வண்டிய எடுத்து வுடச் சொன்னாரு."

அவ்வளவுதான். இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. ஒரு வருடமாக நான் ஊர் சிரிக்க முட்டாள் பட்டம் சுமந்தது இதற்காகத்தான். இப்போது பொய்யன் பட்டமும் சேர்ந்துகொண்டது. சுகந்தி மேஜையில் தலையைக் கவிழ்த்து வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ரெஜினா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். ஆத்திரம் யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏன் என்று வால்ட்டர் என்னையும்தான் கேட்டார். நான் சும்மா என்றேன். இவன் சாக்பீஸைக் கேட்டு வாங்கியிருக்கிறான்.

8

மறுநாள் காலை சாலமோனை ஒர்க்‌ஷாப்பில் இறக்கிவிட வேண்டியிருந்தது. இறக்கிவிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். வால்ட்டர் வாசலிலேயே நின்றுகொண்டு கையைக் காட்டி நிறுத்தினார். பொய் சொன்னதைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று ஜன்னலை இறக்கினேன்.

அவர் அதைக் கேட்கவில்லை. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "நீ மெட்ராஸ்காரன் என்று சொல்லியிருந்தாயே. இவன் ஆம்பூர் என்கிறான். அது எங்கே இருக்கிறது?" என்றார்.

பத்து வருடமாக இந்த ஊரில் யார் கேட்டாலும் மெட்ராஸ் என்றே சொல்லி வந்திருக்கிறேன். மெட்ராஸ் என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆம்பூர் என்றால் அடுத்ததாக அங்கே என்ன இருக்கிறது என்பார்கள், தோல் என்று சொல்ல வேண்டும், வாடையைச் சொல்ல வேண்டும், உப்புக் கிடங்குக்குப் போகிறாயா என்று மறுபடி யாராவது கேட்பார்கள். இப்படி ஒரு மனிதர் பனியில் நின்றுகொண்டு, பதில் வரும்வரை நகரமாட்டேன் என்கிற மாதிரி கேட்டதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சாலமோன் தன் அரைகுறை இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டான். பாலாற்றில் வருடம் பூராவும் தண்ணீர் ஓடும் என்றான். எங்கள் டேனரியில் நூறு லாரி இருந்தது என்றான். ஏலகிரியில் இங்கே மாதிரியே பனி பெய்யும் என்றான். எல்லாம் தப்பு. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்தேன். அன்றைக்கு ரொட்டி எல்லாக் கடைக்கும் தாமதமாகத்தான் போயிற்று.